பச்சைத் துணி சுற்றிய கத்தரிக்கோல்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும், மந்திரியே கையெழுத்துப் போட்ட காகிதமாக இருந்தாலும், "இதுக்கு ரெண்டாவது சாட்சி என்ன?" என்றுதான் கேட்பாள். ஒரு சாட்சி இருந்தால் தற்செயல், இரண்டு இருந்தால்தான் செய்தி என்பது அவள் கட்சி. செய்தியாளர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஆனால் இருபத்தாறு வருடத்தில் அவள் சரி என்று சொன்ன ஒரு வரிக்குக்கூட அந்தப் பத்திரிகை மறுநாள் மன்னிப்புக் கேட்டதில்லை. அதனால் முணுமுணுத்துக்கொண்டே அவளிடம்தான் வந்தார்கள். வராமல் எங்கே போவார்கள்?

ஏழு மாதமாக அவளை இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டி, முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறையில் உட்காரவைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஒரு கணினி இருந்தது, அதில் இணையம் கிடையாது. உள்ளே போகும் முன் கைபேசியை வாசலில் வைத்த பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். கணினிக்குள் நாற்பதாயிரம் படங்கள். குடிநீர்த் துறையின் ரகசியக் கோப்புகளை யாரோ பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, ஒரு மெமரி கார்டில் போட்டு, அனுப்பியவர் பெயர் இல்லாத ஒரு சின்னத் தபால் உறையில் ஆசிரியருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த யாரோ யார் என்று ஆசிரியருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் கூடாது என்பது அந்த அறையின் முதல் விதி.

கோப்புகளில் இருந்த விஷயம் இதுதான். ஆற்றோரமாக உள்ள பதினொரு ஊர்களில் குடிக்கிற தண்ணீரில் விஷம் கலந்திருப்பது துறைக்கு ஆறு வருடமாகத் தெரியும். தெரிந்தும் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு சோதனை அறிக்கை தயாரித்தார்கள். உண்மையான அறிக்கை பீரோவுக்குள் போனது, பொய் அறிக்கை ஊருக்குப் போனது.

சரிபார்ப்பது என்றால் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கையெழுத்தை உற்றுப் பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் சினிமாவில். தராசு பார்த்தது மழை அளவும் விடுமுறைப் பட்டியலும். ஒரு ஊர்க் கிணற்றில் பன்னிரண்டாம் தேதி தண்ணீர் எடுத்துச் சோதித்தோம், சுத்தமாக இருக்கிறது என்று ஊருக்குக் கொடுத்த அறிக்கை சொன்னது. பீரோ அறிக்கையோ, பதினாலாம் தேதி எடுத்தோம், குடிக்க லாயக்கில்லை என்றது. தராசு கீழ்த்தளத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டினாள். பன்னிரண்டு, பதிமூன்று இரண்டு நாளும் அந்த ஊருக்குப் போகிற ஒரே பாலம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது என்று அவளுடைய பத்திரிகையே ஐந்தாம் பக்கத்தில் போட்டிருந்தது. பாலத்துக்கு மேல் ஆளுயரத்துக்குத் தண்ணீர் ஓடும்போது எவன் போய்க் கிணற்றில் வாளியை விட்டான்? எவனும் விடவில்லை. அது மேஜையில் உட்கார்ந்து எழுதிய அறிக்கை. இப்படி ஒவ்வொரு காகிதத்துக்கும் வெளியிலிருந்து ஒரு சாட்சியைத் தேடி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஏழு மாதம் உட்கார்ந்திருந்தாள்.

இதை வெளியே ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொல்ல முடியாது. ஆசிரியர், வக்கீல், செய்தியை எழுதப்போகும் இளம் செய்தியாளன், இவள், ஆக நாலு பேருக்குத்தான் தெரியும். அந்தச் செய்தியாளனுக்கு அவசரம் என்று பெயர். அவன் நடப்பதே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி இருக்கும். மற்றவர்கள் சாப்பாட்டு அறையில் கூடிக் கலகலப்பாக இருக்கும்போது தராசு தன் டப்பாவை மாடிப்படியில் உட்கார்ந்து காலி செய்தாள். அடுத்த வீட்டுக்காரி, "என்ன இப்பல்லாம் ஆளையே காணோம்?" என்று கேட்டால், "எழுத்துப் பிழை நிறைய இருக்கு, திருத்திக்கிட்டிருக்கேன்" என்பாள். வீட்டில் பேச ஆள் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பா அவள் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டார், அம்மா போய் நாலு வருடம். மிச்சம் இருந்தது ஒரே ஒரு அக்கா.

அந்த அக்காவும் பேசுவதில்லை. இரண்டு வருடம் ஆகிறது. அக்கா அரசு ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தாள். எல்லாத் துறைகளின் கோப்புகளும் கடைசியில் வந்து அடங்குகிற இடம் அது. இந்த வேலையில் உட்கார்ந்த முதல் நாளே தராசு அதை ஆசிரியரிடம் சொல்லிவிட்டாள்.

"தெரியும். உங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லைன்னும் தெரியும். இருந்திருந்தா உங்களை இதுல போட்டிருக்க மாட்டேன்" என்றார் அவர்.

அக்காவைப் பற்றி அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. நினைக்க என்ன இருக்கிறது? அக்கா ஆளே இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நின்றுவிட்டுப் போகிறவள். ஆபீஸ் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் மறுநாள் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறவள்.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். முப்பத்தோராயிரத்துச் சொச்சமாவது படத்தைத் திறந்தாள். படம் எடுத்தவர் கெட்டிக்காரர். பக்கத்தைத் தவிர மேஜையோ கையோ எதுவும் தெரியாதபடி ஓரங்களை வெட்டிவிட்டிருந்தார். இந்த ஒன்றில் மட்டும் கை தவறியிருந்தது. பக்கம் சுருளாமல் இருக்க மேல் மூலையில் எதையோ பாரமாக வைத்திருந்தார்கள். அதில் ஒரு விரல் அகலம் படத்துக்குள் வந்துவிட்டது. ஒரு கறுப்பு இரும்பு வளையம். அதைச் சுற்றி இறுக்கமாகப் பச்சைத் துணி. துணியின் நுனி பிசிறி, ஒரு சின்ன முடிச்சு.

அது அம்மாவின் கத்தரிக்கோல். அம்மா வீட்டிலேயே துணி தைத்துத்தான் இரண்டு பெண்களையும் ஆளாக்கினாள். நாள் முழுக்க வெட்டி வெட்டிக் கட்டைவிரல் புண்ணாகிப்போய், யாரோ தைக்கக் கொடுத்த பச்சைத் துணியில் மிஞ்சிய ஓரத்தைக் கிழித்து அந்த வளையத்தில் சுற்றிக்கொண்டாள். அந்த முடிச்சைப் போட்டபோது இவள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பிறகு கத்தரிக்கோல் அக்காவுக்கு, தையல் மிஷின் இவளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இவள் இருந்த அறையில் இடம் இல்லாததால் மிஷின் அக்கா வீட்டிலேயே இருந்தது. கத்தரிக்கோலை அக்கா ஆபீஸுக்கு எடுத்துப் போனாள். கோப்புக் கட்டுகளின் நாடாவை வெட்ட அதுதான் வசதி என்பாள். அங்கே வருகிற போகிற எல்லாருக்கும் அந்தப் பச்சைக் கைப்பிடி தெரியும்.

படத்தில் எது வித்தியாசமாகப் பட்டாலும், ஒரு எறும்பு ஊர்ந்தாலும், குறிப்பேட்டில் எழுத வேண்டும். மூன்று பேர் அதைப் படிப்பார்கள். அந்த விதியைப் போட்டதே அவள்தான். பேனாவைத் திறந்தாள். ஒரு நிமிடம் கழித்து மூடினாள். அந்தப் படத்துக்கு எதிரே குறிப்பேடு வெறுமையாக இருந்தது.

அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து வெளியே போய், பிஸ்கட் டப்பாவைத் திறந்து, கைபேசியை எடுத்துக்கொண்டு படியிறங்கித் தெருமுனை வரை போய்விட்டாள். "அக்கா" என்றுதான் எண் இன்னும் இருந்தது. அழிக்க மனம் வரவில்லை. விரல் அந்த எழுத்துக்கு மேல் நின்றது. தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு விசாரணை என்று வந்தால் முதலில் எடுப்பது போன் பட்டியலைத்தான். இரண்டு வருடம் பேசாத காப்பக ஊழியருக்குப் பத்திரிகையில் சரிபார்க்கிற தங்கையிடமிருந்து திடீரென்று ஒரு அழைப்பு. அதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்? ஊரார் செய்கிற தப்பையெல்லாம் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறவள் தானே போய் அக்கா கழுத்தில் கயிற்றை மாட்டப் பார்த்தாளே! திரும்பி வந்து கைபேசியை டப்பாவில் போட்டாள்.

அடுத்த மூன்று நாள் நாற்பதாயிரம் படங்களின் ஓரங்களை மட்டும் முதலிலிருந்து பார்த்தாள். இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்றில் வளையத்தின் நிழல், மற்றொன்றில் பிசிறிய பச்சை நூல் நுனி. நான்காவது ஒன்று அவள் கண்ணுக்கே தப்பியிருந்தால்? இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தன் கண் மேல் நம்பிக்கை இல்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம், பழக்க தோஷத்தில், முதல் படம் எடுத்த தேதியைப் பார்த்தாள். படத்துக்குள்ளேயே அது பதிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்திய தேதி. அவள் பிறந்த நாளுக்குப் பிறகு சரியாக ஒன்பதாவது நாள்.

அந்தப் பிறந்த நாளை அவள் மறப்பாளா? வருடா வருடம் காலையில் முதல் ஆளாக அக்காதான் கூப்பிடுவாள். அன்றும் கூப்பிட்டாள். இவள் சிரித்துக்கொண்டே எடுத்தாள். அக்கா, "உன் மிஷினைக் காயலான் கடையில போட்டுட்டேன், வீட்டுல இடம் இல்ல" என்றாள். இவள் ஆடிப்போய், "அம்மாவோடது, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றதற்கு, "நீ என்னைக் கேள்வி கேக்காதே. அடுத்தவன் குப்பையைக் கிளறி வயிறு வளர்க்கிறவ நீ. இனிமே எனக்குப் போன் பண்ணாதே, என் வாசப்படி மிதிக்காதே" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள். இவளும் சும்மா இருக்கவில்லை. "எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லவே இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள். இரண்டு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சோற்றோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தாள்.

சண்டை முடிந்து ஒன்பதாம் நாள் முதல் படம். வேண்டுமென்றே அறுத்துக்கொண்டாளா? தங்கை எண் தன் போனில் இருக்கக் கூடாது என்றா? இருக்கலாம். ஆனால் ஒரு சாட்சிதான் இருக்கிறது. ஒரு சாட்சி தற்செயல். மனசு எதையாவது பிடித்துக்கொள்ளத் தவிக்கும்போது இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நம்பாமல் இருந்தாள்.

வெளியிடும் வாரம் வந்தது. ஆசிரியர் அறையில் கூடினார்கள். நானூறு ஆவணங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். படங்களை அப்படியே அச்சிட்டு, மொத்தத்தையும் இணையத்திலும் போடுவதாகத் திட்டம். தராசு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், படம் ஒண்ணுகூட வேண்டாம். எல்லாத்தையும் டைப் அடிச்சே போடுவோம்."

அவசரம் துள்ளி எழுந்தான். "விளையாடுறீங்களா? படம் இல்லாம யார் நம்புவாங்க? நாமளே எழுதிக்கிட்டோம்னு சொல்லிடுவாங்க."

"சொல்லட்டும். ஒவ்வொரு வரிக்கும் வெளிச் சாட்சி வச்சிருக்கேன். அதைப் போடுங்க."

"காரணம் என்ன?" என்று கேட்டார் ஆசிரியர்.

"காரணம் இல்ல சார்."

"குறிப்பேட்டுல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

குறிப்பேட்டில் இல்லை என்பது உண்மை, காரணம் இல்லை என்றதுதான் பொய். ஆசிரியர் அவளைப் பார்த்தார். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தார், வைத்தார். இருபத்தாறு வருடத்தில் இந்த அம்மாள் காரணம் இல்லாமல் மூக்கைக்கூடச் சொறிந்ததில்லை என்பது அவருக்குத் தெரியாதா?

"டைப் அடிக்கச் சொல்லு" என்றார் அவசரத்திடம். "படங்களை வெளிய விட வேண்டாம்."

அவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். அவளும் எழுந்தாள்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"வீட்டுல யாரும் இல்ல சார்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவசரம் சொன்னபடியேதான் நடந்தது. செய்தி வந்த அன்றே, "எல்லாம் கட்டுக்கதை, உண்மையென்றால் படம் எங்கே?" என்றார் மந்திரி. மற்றப் பத்திரிகைகள் அதையே பிடித்துக்கொண்டன. அலுவலகத்தில் இவள் உள்ளே வந்தால் பேச்சு சட்டென்று நின்றது. "வயசாச்சு, பயந்துட்டாங்க" என்று அவசரம் யாரிடமோ சொன்னது இவள் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னான். அவன் மேல் கோபம் வரவில்லை, ஆனால் வலித்தது. பாலம், மழை, மருத்துவமனைப் பதிவேடு, பள்ளிக்கூட வருகைப்பதிவு என்று அவள் அடுக்கியிருந்த சாட்சிகளில் ஒன்றைக்கூட யாராலும் அசைக்க முடியவில்லை. எட்டாம் நாள் சத்தமில்லாமல் பதினொரு ஊர்களுக்கும் தண்ணீர் லாரிகள் போயின. அதே நாளில் கோப்புகளைக் கசியவிட்டது யார் என்று விசாரணையும் தொடங்கியது.

அந்த வாரம் சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. அம்மாவின் தங்கை. உறவு என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருந்தவள். அக்கா ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே போவாள் என்று தெரிந்து, தராசு புதன்கிழமை காலையில் போனாள்.

"வாடி சின்னவளே. இளைச்சுட்டியே. பின் அறையில இன்னொரு தலகாணி இருக்கும், எடுத்துட்டு வா, காலுக்குக் கீழே வைக்கணும்" என்றாள் சித்தி.

பின் அறையில் தலையணை ஒரு உயரமான சாமான் மேல் இருந்தது. சாமானைப் பழைய படுக்கை விரிப்பால் மூடியிருந்தார்கள். தலையணையை எடுத்தபோது விரிப்பு நழுவியது. தையல் மிஷின். அம்மா கை பட்டுப் பட்டுத் தேய்ந்த சக்கரம், அதில் அம்மா கீறியிருந்த அடையாளம். பெல்ட்டைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி மேலேயே வைத்திருந்தது. சக்கரத்தைத் தொட்டாள். சத்தமே இல்லாமல் சுழன்றது. விரலில் புது எண்ணெய் ஒட்டியது.

"சித்தி, இது எப்போ வந்துச்சு?" அங்கிருந்தே கேட்டாள்.

"அடடா, பாத்துட்டியா? சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தாளே. பெரியவதான் கொண்டாந்து வச்சா. ரெண்டு வருஷம் ஆச்சு. உன் பொறந்த நாளுக்கு முந்தின நாள். 'சின்னவளோடது சித்தி, யாரையும் தொடவிடாதீங்க'ன்னா. வரும்போதெல்லாம் எண்ணெய் போட்டுட்டுத்தான் போவா."

பிறந்த நாளுக்கு முந்தின நாள். காயலான் கடையில் போட்டதாக அக்கா சொன்னபோது மிஷின் இந்த அறையில் பத்திரமாக இருந்திருக்கிறது. இரண்டாவது சாட்சி. தராசு தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். இந்தப் படங்களெல்லாம் எந்தப் பத்திரிகைக்கு வந்தாலும் வந்திருக்கலாம். தன் தங்கை எடை போடுவாள் என்றுதான் இங்கே அனுப்பியிருக்கிறாள் அந்தப் பைத்தியக்காரி.

வெளியே வந்து தலையணையைச் சித்தி காலுக்கு வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா. தலை பாதி நரைத்திருந்தது. கூடவே இன்னொரு பெண்மணி, காப்பகத்தில் பக்கத்து மேஜைக்காரி.

"இன்னிக்கு ஆபீஸ் இல்லையா?" என்று சித்தி கேட்டாள்.

மேஜைக்காரிதான் பதில் சொன்னாள். "சீல் வச்சுட்டாங்கம்மா. மூணு நாளா எல்லாத்தையும் கிளறிப் போட்டாங்க. இவங்க கத்தரிக்கோலைக்கூட விடல, தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வச்சாங்கன்னா பாத்துக்குங்க." பிறகு அவள் பார்வை தராசு மேல் வந்து நின்றது. "இவங்கதான் அந்தப் பத்திரிகைத் தங்கச்சியா? விசாரணையில கேட்டாங்களே. ரெண்டு வருஷமா பேச்சே இல்லைன்னு இவங்க சொன்னாங்க. போன் பட்டியலை எடுத்துப் பாத்தாங்க, நிஜந்தான்."

அவள் கண்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தன. வெறும் வாய்ப்பேச்சுக்காரியா, வேறு எதற்காவது அனுப்பப்பட்டவளா, யாருக்குத் தெரியும்? சரிபார்க்க வழியில்லை.

"போதும்டி உங்க சண்டை" என்றாள் சித்தி. "நான் செத்தா ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நிப்பீங்களா? சின்னவளே, நீதான் ஒரு வார்த்தை பேசேன்."

அக்கா நாலு அடி தூரத்தில் நின்றாள். எழுந்து போய் அந்த நரைத்த தலையைப் பிடித்து மடியில் போட்டுக்கொள்ளத் தராசுக்கு உடம்பு துடித்தது. தலையணை உறையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா மிஷினைக் காயலான் கடையில போட்டவகூட எனக்கு என்ன பேச்சு?" என்றாள்.

சித்தி வாயைத் திறந்தாள். தராசு யாருக்கும் தெரியாமல் அவள் கையை அழுத்தினாள். சித்தி என்ன புரிந்துகொண்டாளோ, வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் எண்ணெய் மினுமினுத்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டேன். அதுக்கு இப்ப என்னங்கிற?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லவே இல்லன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்."

"சொன்னதை மாத்தாதே."

"மாத்த மாட்டேன்."

மேஜைக்காரி சங்கடமாக எங்கேயோ பார்த்தாள். தராசு பையை எடுத்துக்கொண்டு சித்தியிடம் தலையசைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். செருப்பைப் போடும்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. சின்ன வயதில் தலை பின்னிவிடும்போது அதட்டுவாளே, அதே குரல்.

"கையைக் கழுவிட்டுப் போ. கதவெல்லாம் அழுக்காகும்."

தராசு திரும்பவில்லை. கதவை முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். பேருந்தில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் ஆள்காட்டி விரல் யார் மேலும் படாதபடி தூக்கியே வைத்துக்கொண்டு வீடு வரை நின்றுகொண்டே வந்தாள். அக்கா சொன்னதை அவள் கேட்கவில்லை. அன்று முழுக்கக் கையைக் கழுவவில்லை.